அந்திக் கப்பல்

நாலு மணிக்குள் அசல் படம் கிடைக்காவிட்டால் ஜோதிலட்சுமியின் மேல் வழக்குப் பதிவாகிவிடும். காலையிலிருந்து அவள் காவல் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இப்போது மணி பதினொன்றரை.

சாந்தோமில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த அந்தப் பழைய வீட்டின் ஹாலில், துப்பறியும் தாரணி நாற்காலி மேல் ஏறி நின்று ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் உபைத், அவளுடைய உதவியாளன். ராயப்பேட்டையில் அப்பாவின் ஃப்ரேம் கடையில் பத்து வருடம் கண்ணாடி வெட்டியவன். ஒரு திருட்டு வழக்கில் சாட்சி சொல்ல வந்து, பேசிய பேச்சில் தாரணியிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டவன்.

"இது எங்க படம் இல்ல" என்றார் அல்போன்சா டீச்சர், நாலாவது முறையாக.

அறுபத்தாறு வயது. கணக்கு டீச்சராகச் சேர்ந்து தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவர். நெற்றி வியர்வையைத் துடைக்கக்கூடக் கைக்குட்டையை நாலாக மடித்துத்தான் எடுத்தார்.

"எங்க படத்துல சாயங்காலம். வானம் பூரா தங்கம். எங்க தாத்தா காலத்துலேர்ந்து அந்திக் கப்பல்னுதான் சொல்வோம். இதப் பாருங்க. பால் பாக்கெட் போடற நேரம் மாதிரி இருக்கு."

படம் இரண்டு கை அகலம். முன்னால் கரையோர அலை நுரைத்து உடைகிறது. ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் மூன்று, அந்த நுரையை ஏறிக் கடலுக்குள் போகின்றன. தூரத்தில் மூன்று பாய்மரத்தோடு ஒரு ஆங்கிலேயக் கப்பல் நங்கூரமிட்டு நிற்கிறது. அதற்கும் அப்பால் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு சூரியன். எல்லாவற்றின் மேலும் வெளிறிய நீல வெளிச்சம். மேல் ஓரத்தில் மட்டும், யாரோ டீ சிந்தியதுபோல, தபால்தலை அளவுக்கு ஒரு பழுப்புக் கட்டம்.

உபைத் நாற்காலியை விடாமலே எட்டிப் பார்த்தான். அந்தப் படகில் துடுப்பு போடுகிறவர்களின் முதுகு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. இருநூறு வருடத்துக்கு முந்தின முதுகுகள். நனைந்திருந்தன.

"நான்தான் உங்களக் கூப்பிட்டேன்" என்றான் ஷெல்டன். டீச்சருடைய அண்ணன் மகன். தரமணியில் ஐ.டி. வேலை. "கொட்டிவாக்கத்துல ஒரு பிரைவேட் மியூசியம் ஓபன் பண்றாங்க, மேடம். கடல் சம்பந்தமான பொருளுக்கு மட்டும். அவங்களுக்கு இந்தப் படத்த டொனேட் பண்றோம். ஞானதாஸ் மாஸ்டர்னு என் தாத்தா, அத்தையோட அப்பா, அவர் பேர்ல ஒரு சுவரே குடுக்கறாங்க. அதுக்காகத்தான் க்ளீன் பண்ணக் குடுத்தோம். ஒரு மாசம் வெச்சிருந்துட்டு, அந்தப் பொண்ணு இதக் கொண்டாந்து மாட்டிட்டுப் போயிடுச்சு."

"தாத்தா டிராயிங் மாஸ்டரா?"

"முப்பது வருஷம். இது கார்ஸ்லேக் வரைஞ்ச படம்னு ஊருக்குச் சொன்னதே அவர்தான். பேப்பர்லகூட வந்துச்சு."

"ஜார்ஜ் கார்ஸ்லேக்" என்று திருத்தினார் டீச்சர். "கம்பெனி காலத்துல மெட்ராஸ் வந்துட்டுப் போன கப்பல் ஓவியர்."

"முதல்ல யாரும் நம்பல, மேடம்" என்றான் ஷெல்டன். "அப்புறம் தாத்தாதான் வலது மூலையில கையெழுத்தக் கண்டுபிடிச்சார். கறுப்பா, நல்லா படிக்கற மாதிரி இருக்கும். இதுல பாருங்க, மூலை மொட்டையா இருக்கு."

தாரணி நாற்காலியிலிருந்து இறங்கினாள். "புகார் நகல் இருக்கா, டீச்சர்?"

இருந்தது. முழுத்தாளில், கோடு போட்டதுபோல் நேரான கையெழுத்து. படத்துக்கும் படத்துக்கும் பதினோரு வேறுபாடுகள், எண் போட்டு. வானத்தின் நிறம். கடலின் நிறம். சூரியனின் நிறம். மூன்றாவது படகில் முன்பு இல்லாத ஒரு ஆள். மேல் ஓரத்தில் கறை. பதினொன்றாவது, 'சட்டம் எங்களுடையதே. உள்ளே படம் மட்டும் மாற்றப்பட்டுள்ளது.' அதற்கும் கீழே, எண் இல்லாமல் ஒரு வரி, சிவப்பு மையில் அடிக்கோடிட்டு. 'மேற்படி ஜோதிலட்சுமி முன்பு அடையாறு ஆற்றோரக் குடிசைப் பகுதியில் வசித்தவர். தற்போது பெரும்பாக்கம் குடியிருப்பு.'

உபைத் அந்த வரியை இரண்டு முறை படித்தான். பிறகு படத்தை அண்ணாந்து பார்த்தான்.

"இது மட்டும் படத்துல எந்த இடத்துல இருக்குன்னு தெரியல, மேடம்."

தாரணி அவன் காலை மிதித்தாள்.

*

"நான் மாத்தல, மேடம். தொடச்சேன். அவ்ளோதான்."

ஜோதிலட்சுமிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். விரல் நுனிகள் வெளுத்து, தோல் உரிந்திருந்தன. பதினாலு வயதில் ஒரு ஓவியம் புதுப்பிக்கும் கூடத்தில் பெருக்கப் போனவள். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, இப்போது மந்தைவெளியில் ஒரு அறை எடுத்துத் தனியாக வேலை செய்கிறாள். கொட்டிவாக்கத்து மியூசியத்தில் அடுத்த மாதம் நிரந்தர வேலைக்குச் சேர இருந்தாள். போலீஸ் வந்தது தெரிந்ததும் அவர்கள் போனை எடுப்பதில்லை.

"இன்னாத்தத் தொடச்ச?" என்றான் உபைத்.

"வார்னிஷ், நைனா. நம்ம ஊட்டுக் கதவுக்கு அடிக்கறாங்களே, அதே வார்னிஷ். ஒண்ணு மேல ஒண்ணு. உரிக்க உரிக்க வந்துக்கினே கீது. நானும் வெங்காயம் உரிச்சிருக்கேன். இவ்ளோ அழுததில்ல."

"மேல ஒரு கறை இருக்கே?"

"கறை இல்ல, மேடம். அது நானா உட்டது. ஒரு ஓரத்துல மட்டும் கை வெக்காம கொஞ்சம் உடுவோம். முன்னாடி எப்பிடி இருந்திச்சுன்னு பாக்கறவங்களுக்குத் தெரியணும்ல? சாட்சிக் கட்டம்னு எங்க மாஸ்டர் சொல்வாரு. டீச்சர்கிட்ட சொல்லத்தான் வாயத் தொறந்தேன்..." அவள் நிறுத்தினாள்.

"கையெழுத்து எங்க போச்சு, ஜோதி?"

பெஞ்சின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். எதிரே எஸ்.ஐ. யாரிடமோ போனில் ஸ்கூட்டர் விலை பேசிக்கொண்டிருந்தார்.

"அத டீச்சர்கிட்டயே கேளுங்க. நான் சொன்னா திருடி சொல்றான்னு ஆவும்."

தாரணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உபைத்தை டீ வாங்க அனுப்பினாள். மூன்று டம்ளரோடு அவன் திரும்பி வந்தபோது ஜோதி தாரணியின் காதில் ஏதோ சொல்லி முடித்திருந்தாள். தாரணி கைப்பையைத் திறந்து, பூதக்கண்ணாடி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"எனக்குச் சொல்ல மாட்டீங்களா?" என்றான்.

"உன் வாய் நாலு மணி வரைக்கும் தாங்காது. வா."

*

மந்தைவெளி அறையைப் போலீஸ் தலைகீழாகப் புரட்டியிருந்தது. உருட்டி வைத்த துணிகளைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அலமாரியில் வரிசையாக இருந்த ஹார்லிக்ஸ் பாட்டில்களை மட்டும் யாரும் தொடவில்லை. உள்ளே இருந்தது அழுக்குப் பஞ்சு. குப்பை என்று நினைத்திருப்பார்கள்.

ஒவ்வொரு பாட்டிலிலும் பேனாவால் எழுதிய துண்டுத்தாள். ஒன்று, வானம் இடது. இரண்டு, வானம் வலது. மூன்று, கப்பல். படத்தைத் துடைத்த பஞ்சு அத்தனையையும், எந்த இடத்தில் துடைத்தது என்று பிரித்து, துடைத்த வரிசையில் நூலில் கோத்துப் போட்டிருந்தாள். கடைசியாகத் துடைத்தது அடியில், முதலில் துடைத்தது மேலே.

"நம்ம கடையில துடைச்ச துணியிலயே டிபனும் கட்டுவோம்" என்றான் உபைத், கொஞ்சம் வெட்கத்தோடு.

பாட்டில்களுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. படத்தின் உடல்நிலையை இடம் இடமாக எழுதியிருந்தாள். 'இடது மேல் மூலை, பழைய கிழிசல், பின்னால் துணி ஒட்டு, நன்றாக இருக்கு. நடுவில் மெல்லிய வெடிப்பு, பெயிண்ட் உதிரலை. கப்பலின் பாய் அருமை, கை வைக்க பயமா இருக்கு. மூன்றாம் படகில் ஒரு ஆள் வெளியே வந்தார்.' கடைசி வரி, 'வலது கீழ் மூலை, டீச்சரிடம் தனியாகப் பேசணும்.'

தாரணி நாலாவது பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தாள். வலது கீழ் மூலை. மேலிருந்து பஞ்சு பழுப்பு, பழுப்பு, பழுப்பு. நடுவில் இரண்டு பஞ்சு மட்டும் கன்னங்கரேல். அதற்குக் கீழே மறுபடியும் பழுப்பு, பழுப்பு.

உபைத் விசிலடிக்க வாயைக் குவித்து, நிறுத்திக்கொண்டான்.

"மேடம், கையெழுத்து பெயிண்ட்ல இல்ல. வார்னிஷ் நடுவுல இருந்திருக்கு. பிரட்டுக்கு நடுவுல ஜாம் மாதிரி."

"அந்த வார்னிஷ் எப்ப அடிச்சது?"

அது அவனுக்குத் தெரியும். அவனுடைய அப்பாவுக்கும் தெரியும். டிசம்பர் வந்தால் சாந்தோம் பக்கத்து வீடுகளில் சுண்ணாம்பு அடிப்பார்கள், கதவு ஜன்னலுக்கு வார்னிஷ் போடுவார்கள், மாதா பீடத்துக்கும் போடுவார்கள். டப்பாவில் மீதி இருந்தால் சுவரில் மாட்டியிருக்கும் படத்தின் மேலும் ஒரு இழுப்பு. படம் பளபளவென்று கிறிஸ்துமஸுக்குத் தயாராகிவிடும். பண்டிகை முடிந்து, கறுத்துப்போன படத்தைத் தூக்கிக்கொண்டு எத்தனை பேர் அவர்கள் கடைக்கு வந்திருக்கிறார்கள்.

"வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு" என்றான். "அப்படின்னா கார்ஸ்லேக் தொரை செத்து நூறு வருஷம் கழிச்சு, ரெண்டு கிறிஸ்துமஸுக்கு நடுவுல எழுந்து வந்து, சாந்தோம்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கார். ஈஸ்டருக்கு வந்திருந்தாலாவது பொருத்தமா இருந்திருக்கும்."

தாரணி சிரிக்கவில்லை. பாட்டிலையும் நோட்டையும் பையில் போட்டுக்கொண்டாள்.

*

பட்டினப்பாக்கம் கடற்கரையில் ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னாள். மணி இரண்டு. மணல் கொதித்தது. வலை உலர்த்தியிருந்த இடத்தில் நிழலுக்காக ஒரு நாய் படுத்திருந்தது.

"உபைத், சாயங்காலம் சூரியன் எங்க இறங்கும்?"

"மேற்கால." முதுகுப் பக்கம் கையைக் காட்டினான். "இங்கேர்ந்து பாத்தா மயிலாப்பூர் தாண்டி, தி.நகர் தாண்டி. கே.கே. நகர்க்காரங்க மொட்டை மாடியில விழும்."

"கடல்ல?"

"கடல்ல எப்படி மேடம் இறங்கும்? நம்ம கடல்லேர்ந்து ஏறத்தானே..."

அவன் வாய் திறந்தபடி நின்றது.

படத்தில் கரை முன்னால் இருக்கிறது. மசூலாப் படகு கடலுக்குள் போகிறது. இந்தக் கிழக்குக் கரையைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியாத படகு. அதை வரைந்தவன் இந்த மணலில், கிழக்கே பார்த்து நின்றிருக்கிறான். அவனுக்கு எதிரே, தண்ணீருக்கு மேல் நின்ற சூரியன் அப்போதுதான் உதித்திருக்கிறது.

"அது எப்பவுமே விடியற்காலைதான்" என்றாள் தாரணி. "சாயங்காலமாக்கினது வார்னிஷ். வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளிக் கடல். ஒரு நாளாவது கடலுக்குள்ள சூரியன் மறைஞ்சதப் பாத்திருப்பாங்களா? யாருக்கும் சந்தேகம் வரல. சாயங்காலம் அழகா இருந்துச்சு."

உபைத் கடலைப் பார்த்தான். அந்த முதுகுகள் ஞாபகம் வந்தன. எத்தனை காலமாக அந்தப் பழுப்புக்கு அடியில், பொழுது விடிந்தது தெரியாமல் துடுப்புப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவர்களை வெளியே எடுத்தவள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

"அப்ப முடிஞ்சுது, மேடம். டீச்சருக்கு விவரம் தெரியல. பாட்டிலக் காட்டி, சூரியனக் காட்டி, சாட்சிக் கட்டத்தக் காட்டிட்டா..."

"டீச்சருக்கு விவரம் தெரியலையா?" தாரணி புகார் நகலை அவனிடம் நீட்டினாள். "இன்னொரு தடவ படி. என்ன எழுதியிருக்குன்னு பாக்காத. என்ன எழுதலன்னு பாரு."

அவன் படித்தான். வானம், கடல், சூரியன், ஆள், கறை. பதினொன்று வரை போய், திரும்பவும் மேலே வந்தான். 

"கையெழுத்து" என்றான் மெல்ல.

*

மூன்று மணிக்கு உபைத் ஹாலில் படத்தைக் கீழே இறக்கி, குப்புறப் போட்டு, ஆணிகளைக் கழற்றிச் சட்டத்தைப் பிரித்தான். ஷெல்டன் டார்ச் பிடித்தான்.

"சட்டம் உங்களோடதுதானே, டீச்சர்? நீங்களே எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"படத்தக் கழட்டாம, சட்டத்தோட வெச்சே வார்னிஷ் அடிச்சிருக்காங்க. அதனால சட்டத்துக்கு அடியில மறைஞ்சிருந்த ஓரத்துல வார்னிஷ் படல." உபைத் படத்தை நிமிர்த்தினான். நாலு பக்கமும் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை, துடைத்த வானத்தைப் போலவே வெளிர் நீலம். அதற்கும் வானத்துக்கும் நடுவே கயிறு மாதிரி ஒரு பழுப்புக்கோடு. "இந்தக் கோடுதான் உங்க வீட்டுக் கிறிஸ்துமஸ் எல்லாம் வந்து தேங்கின இடம். சட்டத்துல பாருங்க, அதே இடத்துல அதே கோடு. இதோட ஜோடி அது. புதுசா ஒரு படத்த உள்ள வெச்சா இது வராது, சார். உங்க படத்தோட ஓரம் எப்பவும் நீலமாத்தான் இருந்திருக்கு. யாரும் கழட்டிப் பாக்கல."

ஷெல்டன் குனிந்து வெகுநேரம் பார்த்தான். "ஓ காட்" என்றான். "அத்தை, இது நம்ம படம்தான். அந்தப் பொண்ண உடனே..." போனை எடுத்தான். "அப்ப கையெழுத்து எங்க போச்சு?"

"நீங்க போய்க் கார எடுங்க, ஷெல்டன்" என்றாள் தாரணி. "அத்தை ஒரு லெட்டர் எழுதித் தருவாங்க. அதுக்குள்ள ஏ.சி. போட்டு வைங்க."

அவன் போனான்.  தாரணி பாட்டிலை மேஜை மேல் வைத்தாள். பழுப்பு, கறுப்பு, பழுப்பு.

"பதினோரு வித்தியாசம் கண்டுபிடிச்சிருக்கீங்க, டீச்சர். மூணாவது படகுல ஒரு ஆள் கூட இருக்கறதக்கூட எண்ணியிருக்கீங்க. பேப்பர்ல வந்த கையெழுத்து காணோம், அத மட்டும் எழுதல. ஒரு போலீஸ்காரர் அந்த மூலைய உத்துப் பாக்கறது உங்களுக்கு வேண்டாம்."

 டீச்சர் கைக்குட்டையைப் பிரித்தார். மறுபடி நாலாக மடித்தார்.

"எனக்கு அப்ப ஒம்பது வயசு" என்றார். "நான்தான் அப்பாவுக்குக் கறுப்பு குழைச்சுக் குடுத்தேன். ரொம்பத் தண்ணியா இருக்குன்னு திட்டினார். விளையாட்டுன்னு நெனச்சேன். மறுநாள் கையெழுத்தக் கண்டுபிடிச்சேன்னு ஹெட்மாஸ்டரக் கூட்டிட்டு வந்து காட்டினார். அப்பதான் என்னைப் பாத்தார். ஒரே ஒரு தடவ. அதுக்கப்புறம் நாங்க அதப்பத்திப் பேசினதே இல்ல."

"க்ளீன் பண்ணா போயிடும்னு தெரியாதா?"

"தூசி தட்டித் தருவான்னு நெனச்சேன். அவ அடி வரைக்கும் போயிட்டா." குரலில் இப்போதும் கோபம் இருந்தது. "வந்து நின்னுகிட்டு, 'டீச்சர், கையெழுத்து வேற யாரோ அப்புறமா போட்டது, உங்ககிட்ட தனியாச் சொல்லணும்'னா. நாளைக்கு மியூசியத்துல சேர்ந்து இதையேதான் எல்லார்கிட்டயும் சொல்லுவா. எங்கப்பா பேர்ல சுவர். அதுல ஒரு பொய்யன்னு..." மூச்சு வாங்கினார். "படமே வேறன்னு சொல்லிட்டா அப்பா தப்பிச்சிடுவார்."

"அவ மாட்டிக்குவா" என்றான் உபைத்.

"உபைத்."

"இல்ல மேடம். ஆத்தோரம்னு அடிக்கோடு போட்டிருக்காங்க. மாட்டறதுக்கு வசதியா இருக்கும்னு." அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. நகைச்சுவை எதுவும் வரவில்லை.

டீச்சர் எழுந்துபோய்த் தாளும் பேனாவும் எடுத்து வந்தார். நேர்கோட்டில் எழுதினார். எழுதியதைத் தாரணியிடம் கொடுத்தார். தாரணி வாய்விட்டுப் படித்தாள். 'பொருள் திரும்பக் கிடைத்துவிட்டபடியால் எனது புகாரை வாபஸ் பெற்றுக்கொள்கிறேன்.'

"திரும்பக் கிடைச்சுதுன்னா, யாரோ எடுத்தாங்கன்னு அர்த்தம். மன்னிச்சு விட்டுட்டீங்கன்னு அர்த்தம்."

"வேற எப்படி எழுதுவேன்? மாறவே இல்லன்னு எழுதினா கையெழுத்து எங்கன்னு கேப்பாங்க. செத்துப்போன மனுஷன், மேடம். அவர இதுல இழுக்காதீங்க. அவர் பொய் சொன்னார்னு என் கையால எழுதச் சொல்றீங்களா?"

தாரணி அந்தத் தாளை இரண்டாகக் கிழித்தாள். கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து டீச்சரின் கையில் கொடுத்தாள்.

"முதல் படகுக்கு முன்னாடி தண்ணியில ஒரு உடைஞ்ச பலகை மிதக்குது. ஜோதி காலையில சொன்னா. உங்ககிட்டயும் அன்னிக்கே சொல்லியிருப்பா. நீங்க வெளிய போன்னுட்டீங்க."

டீச்சர் குனிந்தார். உபைத்தும் குனிந்தான். நுரையில் பாதி மூழ்கிய பலகை. அதில் கீறினாற்போல, அரிசியைவிடச் சின்னதாக இரண்டு ஆங்கில எழுத்து. ஜி. சி. அதன் கீழே வருடம், 1807.

"மூலையில கையெழுத்துப் போடறது கார்ஸ்லேக் வழக்கம் இல்லையாம். ஏதாவது ஒரு மிதக்கற பொருள் மேல இனிஷியல் மட்டும் போடுவாராம். ஜோதி வேலை கத்துக்கிட்ட இடத்துக்கு அவர் படம் ரெண்டு வந்திருக்கு. இது வார்னிஷ்ல இல்ல. அவ பஞ்சு பட்டும் அசையல. பெயிண்டோட பெயிண்டா இருக்கு. லண்டன்லேர்ந்து நிபுணருங்க வந்து பாத்துட்டு என்ன சொல்வாங்களோ தெரியாது. ஆனா அந்தப் பாயையும் இந்தப் பலகையையும் பாத்தா அவர் கைன்னுதான் ஜோதி சொல்றா. நான் அவள நம்பறேன்."

டீச்சர் நிமிரவில்லை. பூதக்கண்ணாடியைப் பலகையிலிருந்து வலது மூலைக்கும், திரும்பப் பலகைக்கும் நகர்த்தினார்.

"அப்ப அப்பா சொன்னது..."

"உண்மை. அவருக்குத்தான் அது தெரியல."

நாலு தலைமுறையாகப் பூசிய கிறிஸ்துமஸுக்கு அடியில் உண்மையான பெயர் கிடந்திருக்கிறது. அதன் மேலேயே உட்கார்ந்து ஒரு மனிதர் பொய்யாக அதே பெயரை எழுதியிருக்கிறார். அதைக் காப்பாற்ற அவர் மகள் ஐம்பத்தேழு வருடம் வாயைப் பூட்டி வைத்திருந்து, கடைசியில் வேறொருத்தியை மாட்டிவிட்டிருக்கிறாள். உபைத்துக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அது இன்னும் கோபத்தைக் கூட்டியது.

வெளியே ஷெல்டன் ஹார்ன் அடித்தான்.

டீச்சர் இன்னொரு தாளை எடுத்தார். இந்த முறை கோடு நேராக வரவில்லை. 'படம் மாற்றப்படவே இல்லை. நான் கொடுத்த படமே என்னிடம் திரும்பி வந்தது. அதிலிருந்த கையெழுத்து என் தகப்பனார் எழுதியது. இது புகார் கொடுக்கும்போதே எனக்குத் தெரியும். ஜோதிலட்சுமி எந்தக் குற்றமும் செய்யவில்லை.' கையெழுத்துப் போட்டுவிட்டு, மை காய்வதற்காகக் காத்திருந்தார். அவர்களுடன் வரவில்லை. வரச்சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை.

*

நாலுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. எஸ்.ஐ. கடிதத்தைப் படித்தார். பாதியில் ஒருமுறை புருவத்தைத் தூக்கினார். பொய்ப் புகாருக்கு என்ன செய்வீர்கள் என்று தாரணி கேட்டாள். வயசான டீச்சர், விடுங்க மேடம் என்றார். கடிதத்தைக் கோப்பில் செருகினார்.

"சரிம்மா, நீ கெளம்பு. இனிமேலாவது ஜாக்கிரதையா இரு."

ஜோதிலட்சுமி எழுந்தாள். காலையிலிருந்து உட்கார்ந்ததில் கால் மரத்துப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாத்துல சார் ஜாக்கிரதையா இருக்கணும்?"

எஸ்.ஐ. கோப்பை மூடினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

"ஜோதி, படம் உன் கையில வந்ததாலதான் தப்பிச்சுது" என்றாள் தாரணி, அவள் தோளைத் தொட்டு. "நான் மியூசியத்துல பேசறேன். பலகைய நீதான் கண்டுபிடிச்சன்னு சொல்றேன்."

"பேசுங்க, மேடம். எடுத்தா பேசுங்க." ஜோதி நகரவில்லை. மேஜையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், அந்த லெட்டர் எனக்கு ஒரு ஜெராக்ஸ் ஓணும். உங்க சீல் போட்டு."

"அது எதுக்கு உனக்கு? கேஸே இல்லையே."

"நாளைக்கு வேற ஒரு ஊட்டுக்குத் தொடைக்கறதுக்குப் படம் வாங்கப் போவேன்ல, சார். போலீஸ் ஸ்டேஷன்ல ஒக்காந்திருந்தவ தானேன்னு கேப்பாங்க. அவங்க கேக்கறதுக்குள்ள, கதவத் தொறக்கும்போதே நீட்டிடணும்."

எஸ்.ஐ. அவளைப் பார்த்தார். பிறகு தாரணியைப் பார்த்தார். கோப்பிலிருந்து கடிதத்தை உருவி, ஒரு கான்ஸ்டபிளைத் துணைக்கு அனுப்பினார்.

உபைத்தும் கூடப் போனான். எதிர்ச்சாரியில் ஒரு ஜெராக்ஸ் கடை. நகல் சூடாக வெளியே வந்தது. ஸ்டேஷனுக்குத் திரும்பிப்போய் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு அவன் மட்டும் மறுபடியும் கடைக்கு வந்தான். லேமினேஷன் மெஷினில் தாளை வைத்துக்கொண்டே கடைக்காரர் தலைப்பைப் படிக்கப் பார்த்தார்.

"இன்னாபா இது, சர்ட்டிபிகேட்டா?"

"ஆமாண்ணே" என்றான் உபைத். "ஓரம் கொஞ்சம் அதிகமா விட்டு வெட்டுங்க. நெறைய பேர் கையில வாங்கிப் பாப்பாங்க."